வீட்டுக்காரருக்கு முதுகுவலி மாத்திரை ரொம்பக் கூடிவிட்டது, எப்படிக் குறைப்பது?

செந்தூல்காரி எழுதியது:

வணக்கம். கோலாலம்பூரில் செந்தூலில் குடியிருக்கிறோம். ஜாலான் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் விஷயமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வயது 51. சுங்கை பூலோ பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். 2018-இல் மேல் தட்டிலிருந்து சரிந்த பெட்டிகள் இடுப்பில் விழுந்துவிட்டன. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, இடுப்பில் எல் 4, எல் 5 எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். மறு வருஷம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. காலுக்கு இறங்கிக்கொண்டிருந்த வலி நின்றது. இடுப்பு வலி நிற்கவில்லை. கட்டியோ புற்றுநோயோ கிடையாது, அதெல்லாம் பார்த்தாகிவிட்டது. வெறும் வலிதான், ஆனால் நிஜ வலி. ராத்திரி புரண்டு படுக்கும்போது அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

ஆபரேஷன் முடிந்து வரும்போது டிரமடோல் 50 மில்லிகிராம், நாளைக்கு மூன்று கொடுத்தார்கள். அது நாலாகி ஆறாகி, அப்புறம் போதவில்லை என்று ஆக்சிகோடோன் சேர்த்தார்கள். இப்போது ஆபரேஷன் செய்த இடத்தில் ஆக்சிகோடோன் 20 மில்லிகிராம், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று. டிரமடோலை வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் தனியாக வாங்குகிறார். ஒரு டாக்டர் கொடுப்பது மற்ற டாக்டருக்குத் தெரியாது. தூக்கத்துக்கு லோராசெபாம் 1 மில்லிகிராம் வேறு. நான் கணக்குப் பார்க்கிற ஆள், அதனால் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வருகிறேன். டிரமடோல் மட்டும் நாளைக்கு 10 கேப்சூல் போகிறது. மாதம் 400 வெள்ளிக்கு மேல் இதற்கே ஆகிறது.

நான் பார்க்கிறதைச் சொல்கிறேன். சாப்பிடும்போது கை சோற்றில் இருக்க, கண் மூடிவிடுகிறது. தூங்கும்போது குறட்டை பலமாக வந்து, சட்டென்று நிற்கிறது. மூச்சே இல்லாத மாதிரி இருந்து, பிறகு தண்ணீரிலிருந்து எழுகிறவர் போல இழுத்து மூச்சு விடுகிறார். தூக்கத்தில் கை வெட்டி வெட்டி இழுக்கிறது. நாலைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறார். சாயந்திரம் நாலு மணி வாக்கில், அடுத்த மாத்திரை நேரத்துக்கு முன்னால், கொட்டாவியாக விடுவார், மூக்கு ஒழுகும், கையில் ரோமம் சிலிர்த்து நிற்கும், யார் பேசினாலும் எரிந்து விழுவார். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் பழைய மனுஷராகிவிடுவார். இன்னொன்று, எனக்குப் புரியாதது: முன்பு இடுப்பில் ஒரே இடத்தில்தான் வலி. இப்போது முதுகு முழுக்க, தொடையெல்லாம் வலிக்கிறது என்கிறார். சட்டை உரசினாலே முகம் சுளிக்கிறார். மாத்திரை கூடக் கூட வலி எப்படிக் கூடும்?

கணவன் மனைவி விஷயமும் ஒன்று இருக்கிறது. அது ரெண்டு வருஷமாகவே இல்லை. அவர் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை, நானும் கேட்பதில்லை. இதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

காலி அட்டைகளை மடித்து மடித்து ஸ்பானர் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தார். அதைப் பார்த்த என் தம்பி, எல்லாவற்றையும் தூக்கி எறி, பத்து நாள் கஷ்டப்பட்டால் சரியாகிவிடும் என்கிறான். அவர் காது கேட்கவே போதைப்பித்தன் என்று சொல்லிவிட்டான். அன்று ராத்திரி அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. மாமியார், பாவம் பிள்ளை, வலிக்குத்தானே சாப்பிடுகிறான், விடு என்கிறார். எனக்கு ரெண்டு பேர் சொல்வதும் சரியாகப் படவில்லை. பத்துமலைக்கு வருஷம் தவறாமல் பால்குடம் எடுத்த மனுஷர் இவர். சந்தோஷத்துக்காக ஒரு மாத்திரை போட்டதில்லை.

ஒரேயடியாக நிறுத்தலாமா? இந்த அளவு உண்மையிலேயே அதிகமா? கோலாலம்பூரில் இதற்கென்று போய்ப் பார்க்க எங்கே போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்தாளுநர் பினாங்கு எழுதியது:

அக்கா, முதலில் இது: தூக்கி எறியவே கூடாது. உங்கள் தம்பி நல்ல மனசோடு சொல்லியிருக்கலாம், ஆனால் இதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. நான் பினாங்கில் மருத்துவமனை ஃபார்மசியில் வேலை பார்க்கிறேன். டிரமடோல், ஆக்சிகோடோன் இரண்டும் ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்துகள். வருஷக்கணக்கில் இந்த மருந்து சாப்பிட்ட உடம்பில் சட்டென்று நிறுத்தினால் வாந்தி, பேதி, நடுக்கம், தூக்கமே இல்லாத ராத்திரிகள் வரும். பழைய வலி பல மடங்காகத் திரும்பும். அந்த நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்க மருந்து நிர்வாகமே 2019 ஏப்ரலில், திடீரென்று நிறுத்தாதீர்கள், வேகமாகக் குறைக்காதீர்கள் என்று மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விட்டது இதனால்தான். லோராசெபாமும் அப்படியே. அதைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம்.

அளவு அதிகமா என்றால், ஆம், ரொம்ப அதிகம். இந்த வகை மருந்துகளை எல்லாம் மோர்ஃபினுக்கு மாற்றிக் கணக்குப் போடுவோம். ஆக்சிகோடோன் நாளைக்கு 40 மில்லிகிராம், அதை 1.5-ஆல் பெருக்கினால் 60. டிரமடோல் 500 மில்லிகிராம், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டியில் உள்ளபடி 0.2-ஆல் பெருக்கினால் 100. மொத்தம் 160 மில்லிகிராம் மோர்ஃபின் சாப்பிடுவதற்குச் சமம். அதே வழிகாட்டி இந்தக் கணக்கில் நாளைக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகும்போதே, நன்மை கூடுவது குறைவு, ஆபத்து கூடுவது நிச்சயம், நின்று யோசியுங்கள் என்கிறது. டிரமடோலுக்குத் தனியாகவே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் உச்சம். அதைத் தாண்டினால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். கை வெட்டி இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இந்த வாரமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

என்னை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்துவது அந்தக் குறட்டை. வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் மூளை மூச்சு விடச் சொல்வதையே மந்தமாக்கிவிடும். தூக்கத்தில் இறந்துபோகிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, உதடு நீலமாகிறது, மூச்சு ரொம்ப மெதுவாக வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள், 999 அழையுங்கள். பியர், விஸ்கி எதுவும் அவர் பக்கம் வரக்கூடாது.

மருந்து கூடக் கூட வலி எப்படிக் கூடும் என்று கேட்டீர்கள். கூடும். இந்த மருந்துகளே நரம்பு மண்டலத்தை அளவுக்கு மீறிக் கூர்மையாக்கிவிடுவது உண்டு. வலி பழைய இடத்தை விட்டுப் பரவுவது, லேசாகத் தொட்டாலே வலிப்பது, இரண்டும் அதற்கான அடையாளங்கள். அப்படிப்பட்டவருக்கு அளவைக் குறைத்தால் வலியும் குறைவதைப் பார்த்திருக்கிறேன். சாயந்திரம் நாலு மணிக் கொட்டாவியும் மூக்கொழுகலும், முந்தைய மாத்திரை இறங்கி, உடம்பு அடுத்ததைக் கேட்கிற நேரம். யாருக்கும் வரும், ஒழுக்கக் கேடு இல்லை. கணவன் மனைவி விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு. நீண்ட நாள் சாப்பிடும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கிவிடும். ரத்தப் பரிசோதனையில் தெரியும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்த நிலைக்கு அவர் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1980-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது இந்த மருந்து பெற்ற 11,882 பேரில் நாலு பேர்தான் அடிமையானார்கள் என்றது அது. சில நாள் படுக்கையில் இருந்தவர்களைப் பற்றிய அந்தக் கணக்கை, வருஷக்கணக்கில் வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்கும் பொருத்தி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார்கள். 1996-இல் ஆக்சிகோன்டின் என்ற ஆக்சிகோடோன் மாத்திரை சந்தைக்கு வந்தபோது இந்தப் பேச்சு நல்ல விளம்பரமாக உதவியது. தவறாக விளம்பரம் செய்ததை அந்த மாத்திரையின் நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. முதுகுவலி, மூட்டுவலிக்காரர்கள் 240 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், இந்த மருந்து சாப்பிட்டவர்கள் பாரசெட்டமோல் வகை மருந்து சாப்பிட்டவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. வலி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

இன்னொரு ஆய்வு 2010-இல் வந்தது. புற்றுநோய் இல்லாத நீண்ட நாள் வலிக்காரர்களில், தனியார் காப்பீடு வைத்திருந்த கூட்டத்தை மட்டும் பார்த்தால், அதிகம் சாப்பிட்ட 5 சதவீதம் பேரே மொத்த மருந்தில் 70 சதவீதத்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் ஒரே வலி இல்லை, பல வலிகள் இருந்தன, மனச்சோர்வும் கூடவே இருந்தது. உங்கள் வீட்டுக்காரரிடம் மனசு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

எங்கே போவது என்றால், வீட்டுக்கு அருகே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு மேசையில் வையுங்கள். உங்கள் நோட்டையும் எடுத்துப் போங்கள், அது தங்கம். வலி கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். நம் நாட்டில் அதைப் பெரும்பாலும் மயக்கவியல் நிபுணர்கள்தான் நடத்துகிறார்கள். செலாயாங் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். 2002-இல் அங்கே மெனாங் என்ற வலிப் பயிற்சித் திட்டம் ஆரம்பித்தது. வலி இருந்துகொண்டே நடமாட, தூங்க, மருந்தைக் குறைக்கக் குழுவாகப் பழக்குகிறார்கள். அதை முடித்தவர்கள் ஓராண்டுக்குப் பிறகும் தேறியிருந்ததை 2012-இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள்.

கூலிம் பையன் எழுதியது:

அக்கா, எங்கள் பக்கம் லோரி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் கெத்தும் (கிராடோம்) இலை கொதித்த தண்ணீர்தான் குடிக்கிறார்கள். முதுகுவலிக்குச் சாயந்திரம் ஒரு பாக்கெட். இலைதானே, இயற்கை. என் மாமா மாத்திரையை விட்டுவிட்டு அதுக்கு மாறிவிட்டார், நன்றாக இருக்கிறார். முயற்சி பண்ணிப் பாருங்கள்.

மருந்தாளுநர் பினாங்கு எழுதியது:

தம்பி, வேண்டாம். கெத்தும் இலையில் உள்ள மிட்ராகைனின் மூளையில் போய் ஒட்டுவது டிரமடோல் ஒட்டுகிற அதே இடத்தில்தான். வருஷக்கணக்கில் குடித்தவர்கள் நிறுத்தும்போது இதே கொட்டாவி, இதே தூக்கமின்மை, இதே உடம்பு வலிதான் வருகிறது. நம் பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் பல வருஷமாக இதைத்தான் ஆராய்ந்து எழுதிவருகிறது. பாக்கெட்டில் எத்தனை இலை கொதித்தது, வேறென்ன கலந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. மிட்ராகைனின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, வைத்திருந்தால் வழக்கு வரும். மாமா நன்றாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் நாளைக்கு 160-இல் இருப்பவருக்கு, அதுவும் தூக்க மாத்திரையோடு, அதன் மேல் இன்னொன்றை ஊற்றினால் மூச்சு நின்றுபோகலாம்.

பாகான் டாலாம் அண்ணன் எழுதியது:

தங்கச்சி, உன் வீட்டுக்காரர் இருக்கிற இடத்தில் நான் இருந்தேன். பிறையில் சிமெண்ட் லோரி. எனக்கும் இடுப்புதான். டிஎஃப் 118 என்ற வலி மாத்திரையில் ஆரம்பித்து, பிறகு மோர்ஃபின் மாத்திரை. வலி தாங்காத ராத்திரியில் மகனை எழுப்பி அவசரப் பிரிவுக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வேன். அங்கே என்னைப் பார்த்ததுமே மிஸி (நர்ஸ்) முகம் மாறும். வந்துவிட்டான் என்று ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை இடுப்பு வலியைவிட வலிக்கும். அதனால் சொல்கிறேன், உன் தம்பி சொன்னதை அவர் மறக்க மாட்டார். நீ நம்புகிறாய் என்று அவருக்குத் தெரியணும். வலி நிஜம், மாத்திரையும் இப்போது தனியாக ஒரு கஷ்டம் கொடுக்கிறது, ரெண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்று சொல்லு. அட்டையை அவர் முன்னால் எண்ணாதே. எண்ணினால் இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளிப்பார்.

எனக்குக் குறைத்துக் கொடுத்தவர் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு. என்னைக் கேட்காமல் ஒரு மில்லிகூடக் குறைக்க மாட்டேன் என்று முதல் நாளே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் தொடர்ந்து போனேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் முதல் வாரம் மோசமாக இருக்கும். கால் ராத்திரியெல்லாம் உதைத்துக்கொண்டே இருக்கும், பெஞ்சாதி தனியாகக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். ரெண்டாவது வாரம் அடங்கும். தீபாவளிக்கும் மகள் கல்யாணத்துக்கும் குறைக்க வேண்டாம் என்று கேட்டேன், டாக்டர் ஒத்துக்கொண்டார். குறைக்காமல் நிறுத்தி வைக்கலாம், ஆனால் பழைய அளவுக்கு ஏற வேண்டாம் என்றார்.

வலி இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்து கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் நிற்க முடியும். அப்புறம் திடலைச் சுற்றி மெதுவாக நடக்கிறேன். வலி வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், அதைத்தான் பிசியோவில் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல நாளில் ஆசைப்பட்டு நாலு சுற்று நடந்தால் அடுத்த ரெண்டு நாள் படுக்கைதான். இப்போது பேரனோடு உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்க்கிறேன், நடுவில் தூங்குவதில்லை. அவர் பேச விரும்பினால் பேசுகிறேன். ஆம்பளைகள் இதை ஆம்பளையிடம்தான் சொல்வார்கள். இங்கே தனிச்செய்தி அனுப்பு.

அம்பாங் வாசகர் எழுதியது:

மருந்து விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் இது வேலையிடத்தில் நடந்த விபத்து. தொழிலாளர் காப்பீட்டு நிறுவனமான சொக்சோவில் பதிந்தார்களா? இல்லையென்றால் வேலை பார்த்த இடத்து ரெக்கார்டு, எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு), மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். நிரந்தர ஊனக் கொடுப்பனவு ஒருபுறம் இருக்க, மலாக்காவில் அவர்களின் மறுவாழ்வு மையம் இருக்கிறது, 2014 முதல் நடக்கிறது. பிசியோ, வேலைக்குத் திரும்பும் பயிற்சி எல்லாம் அங்கே உண்டு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது முதுகுக்கும் ஆகாது, மனசுக்கும் ஆகாது.

செந்தூல்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பாகான் டாலாம் அண்ணன் எழுதியதை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். மிஸி முகம் மாறும் என்ற இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒருமுறை படித்தார். அடுத்த நாள் அவரே ஸ்பானர் பெட்டியைத் திறந்து, மீதி இருந்ததை எல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் ஆக்சிகோடோன் அட்டையையும் டிரமடோல் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. திட்டவும் இல்லை. இனிமேல் ஒரே இடத்தில் மட்டும் மருந்து என்றார், ரெண்டு இடத்துக்கும் கடிதம் எழுதினார். டிரமடோலை முதலில் நாளைக்கு 8 கேப்சூலுக்கு இறக்கி, அங்கேயே வைத்திருக்கிறார். ஆக்சிகோடோனில் இப்போதைக்குக் கை வைக்கவில்லை. லோராசெபாமைப் பாதி மாத்திரையாக, மெதுவாக. மூச்சு விஷயத்துக்குத் தூக்கப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார். செலாயாங் வலி கிளினிக்குக்கும் கடிதம் கிடைத்தது, நாள் கொஞ்சம் தள்ளித்தான். முன்பு மாதம் 400 வெள்ளிக்கு மேல் கொடுத்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளிப் பதிவுக் கட்டணம். சொக்சோவில் பதிந்திருக்கிறார்கள், அறிக்கை கேட்டிருக்கிறோம்.

வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி வாங்கினேன். அதை அவர்தான் நிரப்புகிறார், நான் தொடுவதில்லை. 8-க்கு இறக்கிய முதல் வாரம் அண்ணன் சொன்ன மாதிரியே கால் உதைத்தது, வயிறு போனது, வியர்த்துக் கொட்டியது. தம்பி ஒருநாள் வந்து பார்த்தான். ஒன்றும் பேசாமல் அவரோடு உட்கார்ந்து பந்து விளையாட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

இப்போது ரெண்டு கேள்வி மட்டும். அந்தப் பேதி நின்று, திரும்பவும் மலச்சிக்கல் வந்துவிட்டது. நார்ச்சத்துப் பொடி வாங்கிக் கொடுத்தேன், வயிறு இன்னும் உப்பிக்கொள்கிறது. இன்னொன்று, மனச்சோர்வுக்கு மாத்திரை தரலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். டிரமடோலோடு அது சேருமா?

மருந்தாளுநர் பினாங்கு எழுதியது:

நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார் அக்கா, அவரை விட்டுவிடாதீர்கள். வருஷக்கணக்கில் சாப்பிட்டவருக்கு மாதம் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதுதான் 2022 வழிகாட்டியும் சொல்கிற வேகம். முதல் இறக்கம் அதைவிடக் கொஞ்சம் பெரிது, டிரமடோல் உச்ச அளவைத் தாண்டியிருந்ததால் அது தேவைதான். இனி அவசரம் வேண்டாம்.

நார்ச்சத்துப் பொடியை நிறுத்துங்கள். இந்த மருந்து குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. அசையாத குடலில் பொடி போய் ஊறி அடைத்துக்கொள்ளும், அதனால்தான் உப்புகிறது. குடலை அசைய வைக்கும் சென்னா, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ், இரண்டும் கிளினிக்கிலேயே தருவார்கள். வலி மாத்திரை இருக்கும்வரை இதுவும் தினமும் இருக்கட்டும், அடைத்த பிறகு தேட வேண்டாம். வயிறு கல்லாகி வாந்தியும் வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மனச்சோர்வு மாத்திரையில் கவனம் தேவை. செர்ட்ராலின், ஃப்ளூவாக்செடின் மாதிரியானவை டிரமடோலோடு சேரும்போது செரோடோனின் என்ற மூளை ரசாயனம் அளவுக்கு மீறி ஏறலாம். காய்ச்சல், நடுக்கம், படபடப்பு, பேதி, குழப்பம் என்று வரும். வலிப்பு வாய்ப்பும் கூடும். அதற்காக மனச்சோர்வைக் கவனிக்காமல் விடவும் கூடாது. டாக்டரிடம், டிரமடோல் இன்னும் 8-இல் இருக்கிறது, தூக்கத்தில் கை வெட்டி இழுத்தது, இந்த இரண்டையும் மறுபடி நினைவூட்டிவிட்டு, எதை முதலில் இறக்கி எதைச் சேர்ப்பது என்று கேளுங்கள். கை இழுப்பது இப்போது எப்படி இருக்கிறது என்றும் அந்த நோட்டில் எழுதி வையுங்கள்.